ஒன்றாம் தர விறகு

"தராசுல ஏத்தி எறக்குனவன் நான், கஜலட்சுமி அக்கா. கிலோ தேயிலைக்கு ரெண்டேகால் கிலோ வெறகு..."

"ஒன்றரைன்னு போன வருஷமே எழுதியாச்சு, அழகமுத்து..."

"நீங்க எழுதிட்டா அடுப்பு கொறைச்சுத் திங்குமா? பச்ச வெறகு, மழை வேற..."

"சத்தம் போடாதே. இது ஆபீஸ்."

அன்றைக்கு அவனிடம் அப்படித்தான் சொன்னேன். எனக்குச் சத்தம் ஆகாது, சேர். கணக்கைச் சோதிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். எங்கள் புசல்லாவை பெக்டரித் தேயிலைதான்.

வெளிநாட்டில் இதை வாங்குகிறவர்கள், கிலோவுக்கு எவ்வளவு கரி காற்றில் கலக்கிறது என்று கேட்டுப் படிவம் அனுப்பினார்கள்; ஆபீஸில் அதை நிரப்புகிறவள் நான். கணக்கு மட்டும் போதாதாம், கணக்கின் தரமும் வேண்டுமாம். நேரில் அளந்தது என்றால் ஒன்றாம் தரம். உத்தேசம் என்றால் ஐந்தாம் தரம். ஐந்து என்று எழுத யாருக்கு மனம் வரும்? கண்டியில் ஒரு வகுப்பில் கொடுத்த புத்தகத்தில் ஒன்றரை என்று இருந்தது. பார்க்க லட்சணமான எண். அதை எழுதி, பக்கத்தில் 'நேரில் அளந்தது' என்று போட்டேன். அப்போது பெக்டரியில் விறகு நிறுக்கத் தராசே கிடையாது. பாராட்டுக் கடிதம் வந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

இந்த வருடம், விறகை நிறுத்து எழுதிய சிட்டைகளையும் காட்டு என்றார்கள். தராசு வாங்கி, அடுப்பு எரிக்கிற அழகமுத்துவிடம் கொடுத்தோம். அவன் உண்மையாகவே நிறுத்துவிட்டான்.

"ஒன்றரை போக மிச்ச விறகு எங்கே போகுது?" என்று துரை என்னைக் கேட்டார்.

நீங்களே யோசியுங்கள், சேர். ஒன்று என் எண் பிழை, இல்லாவிட்டால் விறகு வெளியே போகிறது. என் எண்ணோ ஒன்றாம் தரம்.

"அழகமுத்து வீட்டு அடுப்பு மூணு வேளையும் எரியுதுங்க" என்றேன். பொய்யில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டு அடுப்பும்தான் எரிகிறது.

பொலிஸ் வந்தது. அவனுடைய இருபத்தாறு வருட வேலை போனது, குடியிருந்த லயத்துக் காம்பராவும் போனது. கண்டி பஸ்ஸில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டே அவன் மனைவி பாலாம்பிகை கேட்டாள்: "அக்கா, நீங்க ஒரு நாளாவது அந்த அடுப்புப் பக்கம் வந்திருக்கீங்களா?"

எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. அது அவளுக்கும் தெரியும்.

போன மாதம் கடுகண்ணாவையில் அழகமுத்து செத்துப்போனான் என்றார்கள். ஏக்கம் என்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை.

ஆக, விறகை யாரும் திருடவில்லை. அது முழுக்க அடுப்புக்குள்தான் போனது, எனக்கு அன்றைக்கே தெரியும். நான் எதையும் அளக்கவில்லை. ஒரு எண்ணைக் காப்பாற்ற ஒரு மனிதனைத் திருடனாக்கினேன். உங்கள் அறிக்கையில் அப்படியே போடுங்கள். இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல, உத்தேசமுமல்ல.

"செஞ்சவளே நேர்ல சொல்றேன். இதுக்கு ஒன்றாம் தரம் போடுவீங்கதானே, சேர்?"