இத்தாலியில் சாப்பிட்ட பச்சை உருண்டை

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு மாமிகள். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஜன்னலோர மாமி திடீரென்று சொன்னார்:

"இத்தாலியில பிள்ளையைப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து நான் கோயிலுக்கே போகலைடி. அங்க மீன் முட்டையைத் தின்னுட்டேன்."

"பகவானே! யார் குடுத்தா?"

"ஹோட்டல்ல, பாஸ்தா மேல. சுண்டைக்காயாட்டம் பச்சையா, ஒரே உப்பு. தின்னப்புறம்தான் சந்தேகம் வந்தது. பிள்ளைகிட்ட கேக்கவும் பயம்."

பக்கத்து மாமி சிரித்துவிட்டார். "அடி அசடே, அது கேப்பர். முள்ளுச்செடியோட பூ மொட்டு. அந்தப் பக்கமெல்லாம் கடலோரப் பாறை இடுக்குல முளைக்கும். மலர்றதுக்கு முன்னாடியே பறிச்சு உப்புல ஊறப் போடுவா. நாம வத்தல் போடற ஆதண்டங்காய் இருக்கே, அதுக்குப் பங்காளி."

"மொட்டா? நெஜம்மாவா?"

"காலேஜ்ல பாட்டனி எடுத்தவ சொல்றேன், நம்பு."

ஜன்னலோர மாமி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தின்னதுகூடப் பெரிசில்லைடி. அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுண்டு பெருமாளைச் சேவிக்கறது?"

ராஜகோபுரம் ஸ்டாப்பில் அவர் சட்டென்று எழுந்தார்.

"உங்காத்துக்கு அடுத்த ஸ்டாப்லன்னா எறங்கணும்?"

"எங்காம் எங்கயும் ஓடிடாது. நீ வழியை விடு."