மூன்று தண்ணீரில் கழுவிய சுமாக்

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த வருடங்களில், நாகலாபுரத்திலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்காவின் மடியில் ஒரு துணிப்பை.

"சுமாக்கு பழத்த மூணு தண்ணில கழுவினேன்டா. செவப்பா தூள் போய்க்கினே இருந்துச்சு."

"எதுக்குக்கா அவ்ளோ?"

"ஆராய்ச்சி பண்றவங்க வாயில வெச்சிப் பாப்பாங்களாம். அழுக்கோடவா குடுக்கிறது?"

"கொழம்புக்கு ஆவும், வயித்துப்போக்குக்கும் கேக்கும்னு எழுதிட்டாங்கன்னா?"

"அவங்க தோட்டத்துல உனக்கு வேலை தராங்க. நீ மெட்ராஸ் போவ வேணாம்."

"நம்ம ஊரையே மெட்ராஸ்ல சேக்கப் போறாங்களாம். இருந்த எடத்துலயே மெட்ராஸ்காரன் ஆயிடுவேன்."

அவள் சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

குழம்பில் புளிக்குப் பதிலாகப் போடக்கூடிய வெளிநாட்டுப் பழம் சுமாக்; அதன் புளிப்பு அந்தச் சிவப்புத் தூளில்தான் இருக்கிறது. திருப்பதி ஆராய்ச்சி நிலையம் ஊர்க்காரர்களுக்கு வளர்க்கக் கொடுத்த கன்றுகளோடு போன குறிப்பை எழுதியவன் நான். பழத்தைக் கழுவக் கூடாது என்று எழுத மறந்திருந்தேன். அவளிடம் சொன்னால் என் தவறு மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் நிலையத்துக்கு அவள் கொண்டுவந்த பழத்தில் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். 'நாகலாபுரத்து மண்ணில் புளிப்பு ஏறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.