எழுபத்தொன்றாம் எண் கார் கூரையைத் தட்டிய நாள்

அவைக்கு ஓர் அவசர அறிவிப்பு. நம் டேமராக் பந்தயத் திடலில், கார் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மூன்றாம் எண் கழிப்பறையின் தாழ்ப்பாள், நேற்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குச் சரி செய்யப்பட்டுவிட்டது என்பதை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்பது வருடமாக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமைப் பந்தயத்துக்குப் பிறகும், அறிக்கையின் கடைசி வரியில் "மூன்றாம் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்று எழுதியவர் யார்? மார்லிஸ் டோலெஃப்சன் அம்மையார். அவர் இருந்தவரை அது நடக்கவில்லை. அவரைப் புதைத்த நான்காம் நாள் நடந்தது.

மேடையில் அமர்ந்திருக்கும் திடல் குழுத் தலைவர் திரு. டுவெயின் ஹால்வர்சன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் மகள் கிரெட்டா அக்கா அவர்களே, இந்தப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் தரையைப் பனிக்காலணியோடு மிதித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே! என் பெயர் ஓட்டோ விட்கோவ்ஸ்கி. வயது பதினாறு. ஓட்டுவது எழுபத்தொன்றாம் எண் கார். பெயரிலேயே பாதி ஓட்டு இருக்கிறது. மீதி ஓட்டுக்கு அப்பா பெட்ரோல் போடுகிறார். இந்த ஆண்டின் இளையோர் பிரிவுச் சாம்பியன் என்ற முறையில் இந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள்.

மார்லிஸ் அம்மையார் யார்? பகலில் நம் பள்ளிக்கூடப் பேருந்தின் ஓட்டுநர். வெள்ளிக்கிழமைகளில், இருபத்திரண்டு வருடமாக, திடலின் கண்காணிப்புக் கோபுர உச்சியில் மைக்கோடு உட்கார்ந்திருந்த பந்தய இயக்குநர். அவருக்கு விதி என்றால் விதி. எனக்கு விதி என்றால் தலைவிதி. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேருந்திலும் எண்தான். "எழுபத்தொண்ணு, சீட்ல உக்காரு. எழுபத்தொண்ணு, அந்தப் பொண்ணோட தொப்பியக் குடு."

வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்தாரா? கிரெட்டா அக்காவைக் கேளுங்கள்! தன் பதினெட்டாம் பிறந்தநாளன்று முதலிடத்தில் வந்த அவரது காரை எடைமேடையில் ஏற்றினார்கள். விதிப்படி இருக்க வேண்டிய எடையில் மூன்று பவுண்டு குறைவு.

"மூணே மூணு பவுண்டுதான் மா! இந்த பூட்ஸ மாட்டிக்கிட்டு ஏறி உக்காரவா?"

"பந்தயத்துல அந்த பூட்ஸ் போட்டிருந்தியா?"

"இல்ல."

"அப்ப இறங்கு. வீட்ல கேக் இருக்கு."

முதல் பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. கேக்கை யாரும் வெட்டவில்லை என்று கேள்வி.

இங்கே கார் ஓட்டாதவர்களும் வந்திருக்கிறீர்கள், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர்கள் காதில் ஒரு கருவி இருக்கும். கோபுரத்தில் அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. கத்தலாம், கெட்ட வார்த்தை சொல்லலாம், அழலாம், போய்ச் சேராது. எங்களால் அவருக்குச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது சுழன்று நின்றால், பந்தயத்தை நிறுத்தி எல்லோரையும் மெதுவாக வரிசையில் வரச் சொல்வார்கள்; அப்போது இடித்தவன் கோபுரத்துக்கு எதிரே வந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தன் கார்க் கூரையைத் தட்டலாம். ‘நான்தான்’ என்று அர்த்தம். தட்டினவன் கடைசிக்குப் போவான். இடிபட்டவருக்குப் பழைய இடம் கிடைக்கும். யாரும் தட்டாவிட்டால் அவர் கண் பார்த்ததுதான் தீர்ப்பு. அவர் கண்ணிலும் எதுவும் படவில்லையென்றால், சுழன்றவரே கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

இந்தத் தட்டலை வேடிக்கையாக்கியவன் நான். ஆம், நானேதான்! ஜூன் மாதம் நான்கு கார்கள் முதல் வளைவில் மோதிக்கொண்டன. நான் அரைச் சுற்றுக்கு அப்பால் இருந்தேன். நேரே கோபுரத்துக்கு எதிரே போய்த் தபலா வாசிப்பதுபோல் கூரையைத் தட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காதில் அவர் குரல்:

"எழுபத்தொண்ணு, என்ன, கூரையில தூசியா? போ, உன் இடத்துக்குப் போ. நீ நிஜமாத் தட்டினாலும் எனக்குத் தெரியும், பொய்யாத் தட்டினாலும் தெரியும்."

அந்தக் கோடையில் இன்னும் ஐந்து முறை தட்டினேன். ஒருமுறைகூட அவர் ஏமாறவில்லை.

செப்டம்பரில் கடைசிப் பந்தயம். நான்காம் எண் பாகூ மூவாவும் நானும். அதோ, கதவோரம் நிற்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு. எங்களில் முன்னால் வருகிறவருக்கு ஆண்டுக் கோப்பை. இன்னும் இரண்டு சுற்று. அவள் முதலில், நான் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு. மூன்றாம் வளைவில் அவள் கார் சுழன்று புல்லில் நின்றது. கோபுரத்துக்கு எதிரே வந்தேன். கூரையைத் தட்டினேன்.

"எழுபத்தொண்ணு, கடைசிக்குப் போ. நாலு, உன் இடத்துக்கு வா."

பாகூ ஜெயித்தாள். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்கள்தானே செய்தீர்கள்! என் அப்பா கோபுரத்தின் கீழே நின்று கத்தினார். "கிழவிக்குக் கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு! பையன் எப்பவும் பண்ற கூத்துன்னு தெரியாதா?" யாரோ பீர் டப்பா எறிந்தார். தீர்ப்பை மாற்றச் சொல்லி முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த வளைவைப் பார்க்க வேண்டிய கேமரா அந்த நேரத்தில் சாசேஜ் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே திடல் குழுவின் விசாரணை வந்தது. விசாரணையில் தீர்ப்பு மாறியது. கோப்பை எனக்கு. அம்மையாருக்கு ஒரு கடிதம்: ‘தவறான தீர்ப்பு’, அடுத்த ஆண்டு முழுக்கக் கோபுரத்தில் ஏறக் கூடாது.

அன்று முதல் நான் என்னவெல்லாம் பேசினேன்! இருபத்திரண்டு வருடத்தில் மார்லிஸை ஏமாற்றிய ஒரே ஆள் இந்த ஓட்டோ! உலகத்திலேயே விலை உயர்ந்த குறும்பு, அதற்கு வெள்ளிக் கோப்பையே கொடுத்தார்கள்! சாப்பாட்டுக் கூடத்தில் மேசைமேல் ஏறி நடித்துக் காட்டினேன். நம் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த நடிப்பு மனப்பாடம்.

ஆனால் அந்தக் கடிதம் வந்த மறுநாளும் பேருந்து வந்தது, பெரியோர்களே. அவர்தான் ஓட்டினார். பதினெட்டு நாள், காலையும் மாலையும், என்னை ஏற்றி இறக்கினார். ஒருநாள் எல்லோரும் இறங்கிய பிறகு என்னை நிறுத்தினார்.

"எழுபத்தொண்ணு. அது நிஜமாவே விளையாட்டுக்குத்தானா?"

"ஆமா."

"மேலேருந்து பாக்க நிஜமாத் தெரிஞ்சுது." கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "சரி. ஓட்டினவன் நீ. நீ சொன்னா சரிதான்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சற்று முன் கிரெட்டா அக்கா பேசினார். அம்மா கடைசி வாரம் கண் மருத்துவரிடம் போனாராம். கண்ணில் ஒன்றுமில்லை என்று அவர் சொல்லியும் அம்மா நம்பவில்லையாம். "புள்ளைங்கள வச்சு ஓட்டுற வண்டி. கண்ண நம்ப முடியலன்னா ஓட்டக் கூடாது" என்று பேருந்துச் சாவியையும் பள்ளியில் கொடுத்துவிட்டாராம். மூன்று நாள் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாராம். நான்காம் நாள் காலை இதயம் நின்றுவிட்டது. இது எனக்கு இங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது. அதன்பின் தலைவர் எழுந்து, "இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தப்பு, அத நாம மன்னிச்சிடுவோம்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

எதை மன்னிக்கிறோம்? யார் செய்த தப்பை மன்னிக்கிறோம்?

கிரெட்டா அக்கா, உங்கள் அம்மாவின் கண்ணில் ஒன்றுமே இல்லை. மூன்றாம் வளைவில் நான் இடித்தேன். என் முன்பக்கம் பாகூவின் கார் பின்பக்கத்தில் பட்ட அதிர்வு என் பல்வரை தெரிந்தது. வேண்டுமென்று இல்லை, ஆனால் இடித்தேன். அவள் புல்லில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கை தானாக வெளியே போனது. ஆறு பொய்த் தட்டலுக்குப் பிறகு நான் தட்டிய ஒரே நிஜத் தட்டல் அது. அவர் கோபுரத்திலிருந்து பார்த்தார். நிஜம் என்று கண்டுகொண்டார். தட்டியதும் நான், பிறகு தட்டிக் கழித்ததும் நான்.

பாகூ, கோப்பை அப்பாவின் வண்டியில் இருக்கிறது, அது உன்னுடையது, எடுத்துக்கொள். அதில் என் பெயரைப் பொறித்துவிட்டார்கள். அந்தப் பெயர் மட்டும் அழியாது. தலைவர் அவர்களே, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறும்வரை எழுபத்தொன்றாம் எண் கார் கொட்டகையைவிட்டு வெளியே வராது. திரும்பப் பெற்ற பிறகு, அடுத்த ஆண்டு முழுக்கக் கடைசி இடத்திலிருந்து புறப்படுவேன். கோபுரத்தில் யார் உட்கார்ந்தாலும், இடித்தால் தட்டுவேன், இடிக்காவிட்டால் தட்ட மாட்டேன். அவர் செய்த வேலையில் என்னால் தொடர முடிந்தது அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லத்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது. மார்லிஸை ஏமாற்றிய மகா குறும்பு என்று மேசைமேல் ஏறிப் பீற்றினேனே, அந்த யோசனைகூட என்னுடையது இல்லை. விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாயைத் திறப்பதற்குள் தலைவர் கேட்டார்: "என்ன தம்பி, எப்பவும் போல விளையாட்டுக்குத்தான தட்டின?" அறை முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

நான் ஒன்றும் செய்யவில்லை, பெரியோர்களே. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.