கேமரா எந்தப் பக்கம்

இல்லைங்க, சண்டைக்கு வரல. போன்ல யார்கிட்டயோ தமிழ்ல பேசினீங்க, அதான் நேராவே கேக்கறேன். கோயம்புத்தூர்ப் பேச்சா இருக்கு, புனேக்குப் புதுசா? சரி. பறவை பாக்க வந்தேங்கறீங்க. பறவையெல்லாம் தண்ணில இருக்கு. உங்க கேமரா அரை மணி நேரமா அந்தப் பசங்க பக்கமே திரும்பியிருக்கே, ஏன்?

நான் ஆறு மணிக்கே வந்துட்டேன், விஷ்ராந்த்வாடிலேர்ந்து ஸ்கூட்டர்ல. பதினஞ்சு பசங்க, எல்லாம் எட்டாவது ஒம்பதாவது படிக்கறதுங்க. கூட ஒரே ஒரு வாத்தியார், மாதவ்னு பேரு. அவரு டெலஸ்கோப்ப விட்டுக் கண்ண எடுக்கறதே இல்ல. யாராவது பாத்துக்கணுமில்ல?

கேமராவக் காட்டுங்க. கோவப்படாதீங்க, தப்பா ஒண்ணும் இல்லேன்னா காட்டறதுல என்ன?

ம். வாத்து. ஆரஞ்சு கலர்ல இருக்கே, இதான் சக்ரவாக்கா? மராத்தில அப்படித்தான் சொல்றாங்க. அடுத்தது. இதுவும் அதேதான், பறக்குது. இது...

இதுல பசங்க இருக்காங்களே. வாத்துக் கூட்டம் அவங்க தலைக்கு மேல போச்சா? சரி, நம்பறேன். இருந்தாலும் இத அழிச்சுடுங்க. யார் வீட்டுப் பொண்ணையும் கேக்காமப் படம் எடுக்கக் கூடாது.

இருங்க, இருங்க. அழிக்காதீங்க. அந்த மஞ்சத் தொப்பி போட்ட பொண்ணு, அவளக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க.

கண்ணாடி போட்டிருக்கா.

எப்பப் போட்டான்னு தெரியல. நான் நின்ன எடத்துலேர்ந்து தொப்பி மட்டுந்தான் தெரிஞ்சுது. ஆமா, என் பொண்ணுதான். வைஷு. அவ அம்மாவோட லோஹேகாவ்ல இருக்கா. பிம்ப்ரில என்கூட வேல பாக்கறவரோட பையனும் இதுல வந்திருக்கான், அவரு சொல்லித்தான் இன்னிக்கு இங்க வர்றாங்கன்னே தெரியும்.

இல்ல, நான் வந்தது அவளுக்குத் தெரியாது. இப்ப உங்க கேமராவப் பாத்தேனே, அந்த மாதிரி, ஒண்ணா இருந்தப்ப, தெனமும் அவ ஸ்கூல் பையக் கொட்டிப் பாப்பேன். அவ அம்மா போனையும். ஒண்ணும் கெடைச்சதில்ல, ஒரு நாள் கூட. ஆனா நிறுத்தவும் முடியல. கோர்ட்ல ஜட்ஜம்மா இவளத் தனியாக் கூப்ட்டுக் கேட்டாங்க. அப்பாவப் பாக்க வேண்டாம்னு இவளே சொல்லிட்டா. எட்டு மாசம் ஆவுது.

அந்தப் படத்த என் நம்பருக்கு அனுப்ப முடியுமா?

வாத்தியார் பசங்கள இந்தப் பக்கம் கூட்டிட்டு வர்றாரு. நீங்க கொஞ்சம் எனக்கு முன்னாடி நில்லுங்க.