செவ்வாய்க்கிழமை ரத்தம்

“ஹலோ... ஆமா மாப்ள, நான்தான். லேப்லருந்து... இல்ல இல்ல, வீட்டு விஷயம் ஒண்ணுமில்ல. உங்க பொண்டாட்டி நல்லாத்தான் இருப்பா... ஆமா, ஆமா, நீங்க பிஸின்னு தெரியும். பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டர். அதுக்குத்தான் கூப்பிட்டேன். வெச்சுடாதீங்க.”

ஆஸ்பத்திரி முழுக்க அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடம் பத்தொன்பது வருடமாக அவள் பொறுப்பில் இருக்கிறது. மறுமுனையில் இருந்தவர் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், அவள் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்ற முறைக்கு உண்டான மரியாதையை அவள் குறைத்ததில்லை. அதற்கு மேல் ஒரு துளிகூடக் கொடுத்ததும் இல்லை.

எதிரே, ரத்தம் எடுக்கும் நாற்காலியில், கிரேன் ஓட்டும் பெண் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பித்தப்பைக் கல்லுக்காகப் போன செவ்வாய்க்கிழமை அவளைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மயக்குவதற்கு முன்னால் போட்ட ஆன்டிபயாடிக் ஊசி ஏறிய மூன்றாவது நிமிடம், உடம்பெல்லாம் சிவந்து, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய், பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. ஆபரேஷனை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை எழுதியது ஒரே வரி: பயத்தால் வந்த மயக்கம். அந்த வரியைப் படித்த கம்பெனி அவளைக் கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் குறிக்க வைத்துவிட்டது. பட்டியல்படி இன்று பத்து மணிக்கு மறுபடி அதே ஆபரேஷன், அதே ஊசி. கடிகாரத்தில் ஒன்பது பத்து.

“அலர்ஜியான்னு பார்க்கற அந்த ட்ரிப்டேஸ் டெஸ்ட்டைப் பத்திதான்... ஆமா, நார்மல். அஞ்சு. என் மெஷின் சொன்னதுதானே, நான் இல்லேன்னா சொல்றேன்?... இருங்க, முடிக்கலை. செவ்வாய் காலை பத்தரை மணிக்கு எடுத்த ரத்தம்னு ட்யூப்ல எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து. சரியா?... சரி... சரி... உறுதியா?... நல்லது. அந்த ட்யூப் இருந்த பெட்டியை நான் புதன்கிழமை காலையிலதான் பிரிச்சேன் மாப்ள. ட்யூப்ல பெட்டி நம்பர் இருக்கு. நீங்க ரத்தம் எடுத்ததா சொல்ற நேரத்துல அந்தப் பெட்டி லாரியில வந்துட்டிருந்துச்சு.”

மறுமுனையில் இருமல் கேட்டது. அவள் அது ஓயும்வரை பேனா மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

“தண்ணி குடிங்க... குடிச்சாச்சா?... என்னது? எப்ப எடுத்தா என்ன, ரத்தம் ரத்தம்தானேவா? பக்கத்துல ஸ்டூடண்ட் யாராவது நின்னா தள்ளிப் போகச் சொல்லுங்க, உங்க மானம் போகக்கூடாது... மாஸ்ட் செல்னு ஒண்ணு இருக்கு. பரிட்சைக்காவது படிச்சிருப்பீங்க. தோலுக்கடியில, குடல்ல, ரத்தக் குழாயைச் சுத்தி காவல் நிக்கும். உள்ள மூட்டை மூட்டையா சரக்கு வெச்சிருக்கும். ஒத்துக்காத மருந்து போச்சுன்னா அத்தனை மூட்டையையும் ஒரே நேரத்துல அவிழ்த்துக் கொட்டும். குழாயெல்லாம் தொளதொளன்னு ஆகி பிரஷர் விழுந்துடும்... ஆமா... ஆமா, ஹிஸ்டமின். பரவால்லயே, ஞாபகம் இருக்கே. அது சீக்கிரம் காணாமப் போயிடும். ட்ரிப்டேஸ்தான் கொஞ்ச நேரம் ரத்தத்துல நிக்கும். அதுவும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை பாதியாயிடும். நீங்க அன்னிக்கு எடுக்க மறந்துட்டு, மறுநாள் போய் எடுத்திருக்கீங்க. அப்ப எடுத்தா அவங்க ரத்தமும் ஒண்ணுதான், என் ரத்தமும் ஒண்ணுதான்.”

கிரேன்காரி நீட்டிய கையை மடக்கவில்லை. கண் மட்டும் லேப் அக்காவின் முகத்தை விட்டு நகரவே இல்லை.

“தடிப்பு வரலையா? சிவந்தாங்களே... பயத்துல சிவந்தாங்களா? பயந்தா வெளுத்துப் போவாங்க மாப்ள. எனக்குத் தெரிஞ்சு சிவக்கறது வெக்கத்துல. உங்களைப் பார்த்து வெக்கப்பட்டிருப்பாங்களோ?... நான் கிண்டல் பண்ணலை. நாப்பது மீட்டர் உயரத்துல, காத்துல ஆடற கூண்டுக்குள்ள பதினோரு வருஷமா உக்காந்து வேலை செஞ்சவங்க, உங்க ஊசியைப் பார்த்துப் பயந்தாங்கன்னு கூசாம எழுதியிருக்கீங்களே. நீங்க ஏணில ஏறி பல்பு மாத்தினதை நான் பார்த்திருக்கேன். கீழ ரெண்டு பேர் ஏணியைப் பிடிச்சுக்கணும்.”

நாற்காலியில் சிரிப்பு வரப் பார்த்து அடங்கியது.

“என்ன?... அவளை எதுக்கு இழுக்கறீங்க? என் தங்கச்சிக்கு இதுல என்ன வேலை?... குடும்பமா? குடும்பமெல்லாம் ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு செவ்வாய்... ம்... ம்... சொல்லுங்க... அப்படியா. செவ்வாய்க்கிழமை ரத்தம் இல்லாம என்னால எதையும் நிரூபிக்க முடியாது. அதானே சொல்றீங்க?... இருக்கு மாப்ள.”

இருந்தது. அன்று கிரேன்காரியின் ரத்த அழுத்தம் விழுந்த அரை மணி நேரத்தில், யாரும் சொல்லாமலே, தியேட்டர் நர்ஸ் ஒரு ட்யூப் ரத்தம் எடுத்து உப்புச் சத்துப் பார்க்க அனுப்பியிருந்தாள். டெஸ்ட் முடிந்து மீந்ததை லேபில் ஏழு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து எட்டாம் நாள் கொட்டுவார்கள். இன்று காலை அந்தத் தட்டைக் காலி செய்யப் போன லேப் அக்கா, இன்றைய ஆபரேஷன் பட்டியலில் பார்த்த பெயரே ஒரு ட்யூபிலும் இருப்பதைக் கண்டு நின்றுவிட்டாள். கொட்டவில்லை. மெஷினில் வைத்தாள்.

“நாப்பத்தாறு... இல்ல, அஞ்சு இல்ல. நாப்பத்தாறு. ரெண்டு தடவை ஓட்டினேன்... ஹலோ?... இருக்கீங்களா?”

மாப்பிள்ளை இருந்தார். இப்போது குரல் தணிந்து, குழைந்து வந்தது. அந்தக் குரலைத்தான் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

“ம்... ம்... மருந்தை மட்டும் மாத்திக்கறீங்களா. சத்தமில்லாம. பேப்பர்ல ஒண்ணும் வேண்டாம்... ஆகா, நல்ல யோசனை. நாளைக்கு இவங்களுக்கு வேற ஏதாவது ஆகும். வேற ஆஸ்பத்திரி, வேற டாக்டர். உங்க பேப்பரை வாங்கிப் பார்ப்பார். பயம்னு போட்டிருக்கும். நம்பி இதே ஊசியைப் போடுவார். அப்புறம் பிழைக்க வைக்க யார் வருவா, நீங்களா?... அழாத குறையா பேசாதீங்க. ரிப்போர்ட் சர்ஜன் கைக்குப் போயாச்சு. இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது, நிறுத்தச் சொல்லிட்டார். எந்த மருந்துன்னு உறுதியா கண்டுபிடிச்சு, எழுதி, அவங்க கையில குடுத்ததுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். அந்த ஒரு வரியை மட்டும் நீங்களே உங்க கையால கோடு போட்டு அடிக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

அவர் ஏதோ கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வேற யாருக்குத் தெரியுமா? சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியும்... எப்பச் சொன்னேனா? இப்பதான். என் எதிரதான் உக்காந்திருக்காங்க. இவங்களோட சாதாரண நாள் அளவு வேணும், அதுக்கு ரத்தம் எடுக்க வரச் சொன்னேன். நம்ம பேச்சுல என் பாதியை முழுசா கேட்டாச்சு. உங்க பாதியையும் கேக்கட்டுமே. இருங்க, குடுக்கறேன்.”

கிரேன்காரி போனை வாங்கி, அது உடைந்துவிடும் பொருள் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாகக் கேட்டில் உட்கார்ந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசவுகள் அத்தனையும் தொண்டை வரை வந்தன. வெளியே வந்தது வேறு.

“சார்... அன்னிக்கு நான் பயந்தேனா?”

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“வெச்சுட்டார்” என்றாள்.

லேப் அக்கா ரப்பர் பட்டையை எடுத்து அவள் கையில் கட்டி இறுக்கினாள்.

“பயந்துட்டார் போல.”