பன்னிரண்டு பங்கு ஈரம்

உங்க ஸ்டேஷன் மேஜை ஆடுது ஐயா. கால்ல குறையில்லை, மேல்பலகை முறுக்கிக்கிட்டிருக்கு. ஈரம் வத்தறதுக்குள்ள எவனோ அவசரப்பட்டு இழைச்சுட்டான். சரி, எழுதிக்குங்க. நிதானமாவே சொல்றேன்.

மரவாடியில உலர்த்தற அறை இருபத்திரண்டு வருஷமா என் பொறுப்பு. பச்சைப் பலகைகளுக்கு நடுவுல சின்னச் சட்டங்களை வெச்சு அடுக்கி, மேல பாரம் ஏத்தி, கதவைச் சாத்தி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன். வெளிப்பக்கம் முந்திக் காஞ்சு உள்ளே ஈரம் நின்னா பலகை வளையும், வெடிக்கும். ஈரம் நூத்துக்குப் பன்னிரண்டு பங்குக்கு இறங்கினாத்தான் கதவைத் திறப்பேன். அதுவரைக்கும் முதலாளியே வந்து நின்னாலும் நடக்காது.

என் தங்கச்சி வீட்டுக்காரர் அங்கேயே விற்பனை பார்த்தார். நான்தான் சேர்த்துவிட்டேன். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். "மச்சான் மரத்துக்குத் தாலாட்டு பாடிக்கிட்டிருக்கார்"னு எல்லார் முன்னாடியும் கிண்டலடிப்பார். நானும் சிரிச்சுவைப்பேன். போன வருஷம் எனக்குத் தெரியாம அறையைத் திறந்து, ஒரு வீட்டு மாடிப்படிக்கு ஈரப்பலகையைக் கொடுத்துட்டார். மூணே மாசத்துல படியெல்லாம் குழிஞ்சுபோச்சு. ஏச்சு வாங்கினது நான். அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னார்.

இது நடந்த அன்னைக்கு லீவு. வாடியில நாங்க ரெண்டு பேர்தான். பலகை காஞ்சிருச்சுன்னார். இன்னும் ரெண்டு நாள் ஆகும்னேன். "வாசனையிலேயே தெரியுதே மச்சான், உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு"ன்னு சொல்லிட்டு, தானே கதவைத் திறந்து உள்ளே போனார். நான் வெளியில தாழ் போட்டேன். சூடு வீணாகக் கூடாது இல்லையா. உள்பக்கத்துக் கைப்பிடி உடைஞ்சு ஒரு மாசமாச்சு. மாத்தச் சொல்லி நானே ரெண்டு தடவை கேட்டிருக்கேன்.

கதவுல கை நுழையற அளவுக்கு ஒரு திறப்பு உண்டு. தினமும் அது வழியா, மாதிரிக்குன்னு வெச்ச பலகைத் துண்டு ஒண்ணை எடுத்து எடை போடுவோம். எடை குறையறதை வெச்சு ஈரம் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். அவர் முதல்ல தட்டினார். "விளையாடாதீங்க மச்சான், அறுபது டிகிரி சூடு"ன்னார். அப்புறம் அந்தத் துண்டை அவரே வெளியே நீட்டினார். "எடை பார்த்துட்டாவது திறங்க மச்சான்"னார். கை சிவந்துபோயிருந்தது. துண்டை வாங்கிக்கிட்டு, திறப்போட மூடியைச் சாத்தினேன்.

ஒரு மணிக்குத் தங்கச்சி போன் பண்ணினா. "அண்ணா, அவர் சாப்பிட வரலையே, அங்கதான் இருக்காரா?"

"வேலையா இருக்கார்மா. நீ சாப்பிடு."

அறையோட மின்விசிறிச் சத்தத்துல அவளுக்கு வேற எதுவும் கேட்டிருக்காது. மூணு மணி வரைக்கும் தட்டல் விட்டு விட்டுக் கேட்டுது. மறுநாள் காலையில ஆளுங்க வந்து திறந்தப்ப, கதவோரமாவே கிடந்தார்.

ஏன் திறக்கலைன்னு கேக்கறீங்க. பாதியில திறந்தா மரம் கெட்டுப்போகும்னு உங்க ஆளுங்ககிட்ட ரெண்டு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன். அது பொய்யில்லை. ஆனா அந்தத் துண்டை அப்பவே எடை போட்டேன் ஐயா. நம்பாம இன்னொரு தடவையும் போட்டேன். ஈரம் பதினொன்றரைதான் வந்துது. மரம் காஞ்சிருந்தது, அவர் சொன்னதுதான் சரி. கதவைத் திறந்திருந்தா, அதை அவர் மூஞ்சியைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.