மூன்று சக்கரத்திலும் பதினெட்டு

டயரில் காற்றுப் பார்க்க நல்ல நேரம் காலைதான் ஐயா. வண்டி ஓடிய பிறகு பார்த்தால் சூட்டில் காற்று உப்பிக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும். உங்கள் ஜீப்புக்கு முன் இடது சக்கரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இந்த ஜன்னலிலிருந்தே தெரிகிறது. நாளைக் காலையில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அப்பா விட்டுப்போன டயர் கடையை இருபத்தாறு வருடமாக நான்தான் நடத்துகிறேன். என் சொந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் பக்கம் எல்லோரும் விழிப்பார்கள். காத்தக்கா என்றால் பச்சைப்பிள்ளைகூட வழி காட்டும். அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. அவனுக்குத் தலை துவட்டி, பள்ளிக்கு அனுப்பி, பிறகு கடையைத் திறப்பேன். அவன் கணக்கு வாத்தியார் ஆனான். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை ஐயா, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவன் கட்டிக்கொண்டவள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். நல்ல பெண். இதை எழுதிக்கொள்ளுங்கள், அவளை நான் குறை சொன்னதாக எங்கும் வந்துவிடக் கூடாது.

இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி. திங்கள் முதல் வெள்ளிவரை அவள் ஓட்டுவாள். ஆஸ்பத்திரிக்குப் பெரிய ரோட்டில் ஒரு மணி நேரப் பயணம். சனி, ஞாயிறு தம்பி ஓட்டுவான். பாதையே இல்லாத இடமாகப் பார்த்து விடுவான், மலையடிவாரம், ஆற்று மணல், எங்கே வேண்டுமானாலும். அவளும் கூடப் போவாள். போன வருடக் கடைசியில் பழைய டயர்கள் மொழுமொழுவென்று தேய்ந்து போய்க் கடைக்கு வந்தார்கள்.

“அக்கா, நல்ல பெரிய பல்லு டயரா போடு. சேத்துல விட்டா பூந்து விளையாடணும்.”

“சேத்துல நீங்க ரெண்டு நாள் விளையாடுவீங்க. மிச்சம் அஞ்சு நாளும் ரோட்டுல போறது நான். அது போடுற சத்தத்துல காது ரெண்டும் போயிடும். அண்ணி, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.”

“பாத்தியாக்கா, உன்னையும் கட்சியில சேக்குறா.”

“சேத்தா என்ன? அவங்க உங்களுக்கு மட்டும்தான் அக்காவா?”

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் எத்தனை நாள், எந்தத் தரை? அதற்குப் பதில் வந்துவிட்டால் எந்த டயர் என்பது தானாக முடிவாகிவிடும். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்தான் இவர்களுக்குச் சரி. அதிலேயே இரண்டு தினுசு உண்டு. ஒன்று பக்கச் சுவர் மெலிந்தது. அதைக் கன்னம் என்போம். மெலிந்த கன்னம் ரோட்டில் மெத்தை மாதிரி போகும், சத்தம் குறைவு, ஆனால் கூர்மையான கல் கிழித்துவிடும். இன்னொன்று கன்னம் தடித்தது. கல்லுக்கு அஞ்சாது. ரோட்டில் கொஞ்சம் முரடு. ஐந்து நாள் ரோடு, இரண்டு நாள் கல் என்றால் மெலிந்த கன்னத்தைத்தான் கொடுக்க வேண்டும். யாருக்கும் அதைத்தான் கொடுத்திருப்பேன்.

இவர்களுக்குத் தடித்த கன்னத்தைக் கொடுத்தேன்.

அதில் ஒரு குறை. மெலிந்த கன்னம் காற்று இறங்கினால் பிதுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். தடித்தது முகத்தில் எதையும் காட்டாது. பாதிக் காற்று போனாலும் நிறைந்த மாதிரியே நிற்கும். அந்த வண்டி பழையது, காற்றுக் குறைந்தால் விளக்கு எரியும் வசதியெல்லாம் அதில் இல்லை. இதை நான் மறைக்கவில்லை. அவளிடமே சொன்னேன்.

“அப்போ எனக்கு எப்படி அண்ணி தெரியும்?”

“உனக்கு எதுக்கும்மா தெரியணும்? மணல்ல இறங்கறதுக்கு அவன் காத்தைக் குறைப்பான். திரும்பி வரும்போது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நேரா இங்க வந்துடுங்க. நான் அடிச்சு, டயர் மேலேயே சாக்பீஸ்ல அளவை எழுதிடறேன். காலையில எழுத்து இருந்தா வண்டிய எடு. இல்லேன்னா எடுக்காத.”

“காத்தக்கா கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி நகரும்னு சொல்லுங்க” என்று சிரித்தாள்.

அன்றைக்கு என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை ஐயா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி வருவான் என்பது மட்டும்தான் இருந்தது.

வந்தான். மழையானாலும் வந்தான். வண்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே என் நாற்காலியில் காலை நீட்டி உட்காருவான். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நான்கு சக்கரத்துக்கும் முப்பத்திரண்டு அடிப்பேன். டயரைத் துடைத்து, சாக்பீஸால் பெரிதாக முப்பத்திரண்டு என்று எழுதுவேன். திரும்பி வந்தால் எந்தப் பாறையில் ஏறினான், எங்கே மாட்டிக்கொண்டான் என்று கதை சொல்லுவான். அரை மணி நேரம். வாரம் முழுவதும் நான் அந்த அரை மணியை வைத்து ஓட்டினேன்.

இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எனக்குச் சில விஷயங்கள் சரியாகப் படவில்லை. நான் டீயோடு உள்ளே வந்தால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். அவள் மேலே பார்ப்பாள், அவன் டம்ளரைப் பார்ப்பான். ஒரு நாள் வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தவள் சாக்பீஸ் எடுக்க உள்ளே வந்தேன். கால் கழுவிவிட்டு வெறுங்காலோடு நின்றிருந்த நேரம் அது. என் செருப்புக் கிடந்த இடத்தில் அவள் குனிந்து, என் சாக்பீஸாலேயே தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் காலால் அழித்துவிட்டாள்.

“என்னம்மா அளக்கறே?”

“ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா.”

சும்மா யாரும் தரையில் கோடு போடுவதில்லை. கடையைக் காலி பண்ணி என்னை எங்கேயாவது ஓர் அறையில் ஒதுக்கப் பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அடுத்த வாரம் என் செருப்பு ஒன்று இடம் மாறிக் கிடந்தது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அதற்கும் அடுத்த ஞாயிறு, தம்பி உள்ளே போன பிறகு வண்டியின் பின்கதவைத் திறந்தேன். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பழைய துணிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. கையடக்கமான காற்றடிக்கும் மோட்டார். வண்டி பேட்டரியிலேயே ஓடும், எந்தக் காட்டிலும் நின்று அடித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இன்னொரு பெட்டியும் இருந்தது. அதை நான் திறக்கவில்லை.

உள்ளே போய்ச் சாதாரணமாகத்தான் கேட்டேன். “புதுசா ஏதோ மோட்டார் வாங்கியிருக்கீங்க போல?”

தம்பி அவளைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள். “நான்தான் அண்ணி வாங்கினேன். வாராவாரம் உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு.”

சிரமம். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே டம்ளர்களை எடுத்துக் கழுவினேன்.

போன ஞாயிறு என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டும். வழக்கம்போல வந்தார்கள். மணலுக்காகக் காற்றைக் குறைத்திருந்தான். அவன் கணக்கு வாத்தியார்தான், ஆனால் காற்றை மட்டும் குத்துமதிப்பாக இறக்குவான். வாய்க்குள் பத்து எண்ணிவிட்டு மூடிவிடுவான். காற்றளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பதினாறு, ஒன்றில் இருபத்தொன்று, மற்ற இரண்டும் இடையில். கம்ப்ரஸரைப் போட்டேன். அது ஓடிய சத்தம் கேட்டது என்று தம்பி உங்களிடம் சொன்னது உண்மைதான். ஓடியது. ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் வழக்கமான நேரம் குனிந்திருந்தேன். பிறகு டயரைத் துடைத்து, நான்கிலும் எழுதினேன்.

மறதி என்றுதான் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். வயதாகிறது, கை நடுங்குகிறது என்றேன். நீங்கள் நம்பியதுபோலத்தான் இருந்தது. பிறகு வெடித்தது போக மிச்சமிருந்த மூன்று சக்கரத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றிலும் பதினெட்டு. இம்மி கூடவில்லை, குறையவில்லை. தானாக இறங்கிய காற்று இப்படி ஒரே மாதிரி இறங்காது. தம்பி இறக்கினாலும் இறங்காது. கேஜைக் கையில் பிடித்த ஒருத்தர் பொறுமையாகச் சமப்படுத்தியிருக்க வேண்டும். அதை நீங்கள் கண்டுபிடித்ததில் எனக்கு வருத்தமில்லை, கெட்டிக்காரத்தனம்தான். ஒன்று பதினாறும் ஒன்று இருபத்தொன்றுமாக அப்படியே விட்டிருந்தால் மறதி மறதியாகவே நின்றிருக்கும். ஆனால் என் கடை வாசலிலிருந்து எந்த வண்டியும் ஏறுக்குமாறான காற்றோடு போனதில்லை ஐயா. கை கேட்கவில்லை. ஒரு பக்கம் இழுக்குமே, ஓட்டுகிறவளுக்குக் கை வலிக்குமே என்று தோன்றியது.

பாதிக் காற்றோடு வேகமாக ஓடினால் கன்னம் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். பெரிய ரோட்டில் முக்கால் மணி தாங்கும் என்று கணக்கு வைத்தேன். அவள் முன்னதாகவே, பாலத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்தாள், அங்கேயே போய்விட்டாள். திங்கட்கிழமைக் காலையில் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கிறாள். தம்பி சொன்னான். “அண்ணி கையெழுத்து இருக்கு, நான் கிளம்பறேன்” என்றாளாம்.

நீங்கள் இப்போது மேஜைமேல் வைத்திருக்கும் இந்த ஷூவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அந்த இரண்டாவது பெட்டியில் இருந்தது இதுதான் என்கிறீர்கள். அவள் காலுக்குப் பெரிது, அவன் காலுக்குச் சிறிது. யாருடையது என்று தம்பியைக் கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு என்னையும் கூட அழைத்துப் போவதாக இருந்ததாம். அதற்குத்தான் அந்த மோட்டார். நான் கூட வந்தால் சாயங்காலம் கடையைத் திறந்து காற்று அடிக்க யார் இருப்பார்கள்? அவள் யோசனைதானாம். செருப்போடு பாறையில் ஏற முடியாது என்று ஷூவும் வாங்கியிருக்கிறாள். என் பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். இதோ, போட்டுவிட்டேன். சரியாக இருக்கிறது. விரலுக்கு முன்னால் ஒரு நெல் அளவு இடம் விட்டு வாங்கியிருக்கிறாள். நடக்கத் தெரிந்தவள். என் கால் அளவு எனக்கே தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பதினெட்டு என்று தெரிந்தே முப்பத்திரண்டு என்று எழுதியவள் நான்தான். யாரும் தூண்டவில்லை. தம்பிக்கு இதில் ஒன்றும் தெரியாது. கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

கூடவே இதையும் ஒரு வரி எழுதுங்கள். அவள் முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டினால் குடும்பத்துக்கு ஆகுமா?

தம்பி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் வரும்போது என் பக்கம் திரும்பவில்லை, தூக்கமில்லாமல் இருப்பான். இந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் கடைக்குப் போய் நிற்பான், பாவம். அக்கா இங்கேதான் இருக்கிறாள், சாயங்காலம் இங்கேயே வந்துவிடு என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.